எஃப்சி (வண்டி தகுதிச் சான்று) நெருங்குது, வேன்ல டீசல் லீக்கா? கும்பகோணத்துல இந்த பம்ப் கடைய பாருங்க

கும்பகோணம் பைபாஸ் பக்கம் ஒரு சின்ன கடை, போர்டுல பேருகூட கிடையாது, டீசல் பம்ப் நாசில் சர்வீஸ்னு மட்டும் எழுதியிருக்கும், அதாவது இன்ஜினுக்கு டீசல அழுத்தி அனுப்புற பம்பும் அத உள்ள பீச்சுற நாசிலும் ரிப்பேர் பாக்குற கடை. பழைய வேன் வச்சிருக்கவங்க அங்க தைரியமா விடலாம். ஏன்னு சொல்றேன்.

நம்ம வண்டி பஜாஜ் டெம்போ காலத்து டிராவலர், கம்பெனி 2005ல ஃபோர்ஸ் மோட்டார்ஸ்னு மாறுறதுக்கு முந்தின வண்டி, உள்ள இருக்கிறது மெர்சிடிஸ் ஓஎம் 616 டிசைன் இன்ஜின், சத்தம் போடும் ஆனா லேசுல படுக்காது. கல்யாண சமையலுக்கு ஓடுது. அண்டா, காய்கறி மூட்டை, வாழை இலைக்கட்டு எல்லாம் இதுலதான் போகும். இலையில டீசல் வாடை ஏறிட்டா அந்தக் கட்டையே பந்தியில போட முடியாதுங்க, அதனால லீக்கு எங்களுக்கு மைலேஜ் பிரச்சனை மட்டும் கிடையாது. எட்டு வருஷம் தாண்டின வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்சி, ஆடியில முகூர்த்தம் இல்லாததால நாங்க எப்பவும் அந்த மாசத்துலதான் வேலைய வச்சுக்கறது.

மொதல்ல காட்டின ஒர்க்ஷாப்புல பம்புக்கு அடியில சொட்டுறத பாத்த உடனே பம்ப இறக்கணும், ஃபுல் ஓவராயில் பண்ணணும்னு பெரிய தொகையா சொன்னாங்க, இல்லன்னா எஃப்சி முடியிற வரைக்கும் எம்சீல் வச்சு ஒப்பேத்திடலாம்னாங்க. டீசல் ஊறின எடத்துல எம்சீல் எப்படி நிக்கும், ரெண்டுமே வேண்டாம்னு வண்டிய எடுத்துட்டு வந்துட்டோம்.

இந்த பம்ப் கடை அண்ணன் ஸ்பேனரையே தொடல. மண்ணெண்ணெயும் பிரஷும் வச்சு பம்ப், பில்டர், நாசில் பக்கமெல்லாம் கழுவி, ஏர் அடிச்சு, பனியன் வேஸ்ட்டால தொடச்சு காய விட்டாரு. அப்புறம் மூஞ்சிக்கு போடுற பவுடர மேல பூரா தூவிட்டு ஹேண்ட் பிரைமர (கையால அழுத்தி லைன்ல டீசல் ஏத்துற சாமான்) அழுத்தினாரு, அடுத்து ஸ்டார்ட் பண்ணி ஐட்லிங்ல விட்டுட்டு டார்ச் அடிச்சுக்கிட்டே நின்னாரு. கொஞ்ச நேரத்துல வெள்ளைப் பவுடர்ல ஈரம் படர்ற எடம் அப்படியே கோடு போட்ட மாதிரி தெரிஞ்சுது. “தம்பி, சொட்டுற எடம் வேற, லீக்கு எடம் வேற”ன்னாரு. பாத்தா நாசிலுக்கும் நாசிலுக்கும் நடுவுல போற, மிச்ச டீசல திருப்பி அனுப்புற சின்ன ரிட்டர்ன் ஹோஸ்தான் வெடிச்சு கெடக்கு, அங்கேர்ந்து ஒழுகி பிளாக் மேல வழிஞ்சு பம்புக்கு அடியில போய் சொட்டியிருக்கு. பில்டர்ல பேன்ஜோ போல்ட்டோட (பைப்ப புடிக்கிற, உள்ள ஓட்டை உள்ள போல்ட்டு) காப்பர் வாஷர், அப்புறம் ஹேண்ட் பிரைமர், இந்த ரெண்டுலயும் லேசா கசிவு. பம்ப்ல ஒண்ணுமே இல்ல.

ரிட்டர்ன் ஹோஸ் எல்லாத்தையும் மொத்தமா மாத்தினாரு, வெடிச்சத மட்டும் மாத்தினா பக்கத்துல உள்ளது அடுத்து வெடிக்கும்னு. காப்பர் வாஷர் ஒரு தடவ இறுகினா கெட்டியாயிடும், பழசையே போட்டு முறுக்குனா லீக்கும் நிக்காது மரையும் போயிடும், சில்லறைக் காசு சாமான், புதுசு போடுங்கன்னு விளக்கமா சொல்றாரு. பைப் நட்ட டைட் பண்றப்ப கீழ ஒரு ஸ்பேனர் புடிச்சுக்கிட்டு மேல இன்னொண்ணு போடுறாரு, அந்த நிதானம் எனக்கு ரொம்ப புடிச்சுது.

காலையில ஸ்டார்ட்டிங் லேட்டாகுதுன்னு சொன்னதும் டேங்க்லேர்ந்து ஃபீட் பம்ப் (டேங்க் டீசல உறிஞ்சி அனுப்புற சின்ன பம்ப்) வர்ற லைன்ல கண்ணாடி டியூப் போட்டு பாத்தாரு, உள்ள குமிழி ஓடுது. அந்தப் பக்கம் உறிஞ்சுற லைன்ங்கிறதால இன்ஜின் ஓடுறப்ப டீசல் வெளிய வராது, காத்துதான் உள்ள போகும், ராத்திரி நிக்கிறப்ப டீசல் டேங்குக்கே எறங்கிடும். அந்த ஹோஸையும் கிளாம்பையும் மாத்தி லைன்ல இருந்த காத்த வெளியேத்தினப்புறம் இப்ப ஒரே அடியில ஸ்டார்ட்.

நாசில் பைப் பக்கம் லீக்கு இருக்கான்னு இன்ஜின் ஓடுறப்ப யாரும் விரல வச்சு தடவாதீங்க. அந்த பிரஷர் 100 பாருக்கு மேல, ஊசி மாதிரி தோல கிழிச்சுக்கிட்டு டீசல் உள்ள போயிடும், சின்னப் புள்ளியா தெரிஞ்சாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். இவரு அட்டையத்தான் காட்டி பாக்குறாரு, கூட இருக்க பசங்களையும் கை வைக்க விடல.

குறைன்னா, வேலை மெதுவா நடக்கும். டிராக்டர், அறுப்பு மிஷின் பம்ப் எல்லாம் வரிசையில கெடக்கு, அறுவடை சீசன்ல போனா இன்னும் லேட்டாகும். உக்கார எடம் இல்ல, பில்லு கேட்டாத்தான் துண்டுச் சீட்டுல எழுதித் தர்றாரு. ஆனா கழட்டின பழைய சாமான எல்லாம் கவர்ல போட்டு கையில குடுத்துட்டாரு, மொதல்ல கேட்ட தொகையில பத்துல ஒரு பங்குகூட ஆகல.

எஃப்சிக்கு காட்டினப்ப லைட், பிரேக், ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் எல்லாம் பாத்துட்டு அடியிலயும் குனிஞ்சு பாத்தாங்க, ஒரு சொட்டு இல்ல. புகை டெஸ்ட்டும் பழைய வண்டிக்கு உள்ள 65ங்கிற புகை அடர்த்தி அளவுக்குள்ளயே வந்துடுச்சு.

போறவங்க எஃப்சி தேதிக்கு ஒரு வாரமாவது முன்னாடி போங்க, மறுநாளு லோடு ஏத்தி ஓட்டிட்டு வந்து ஒருக்கா திரும்ப காட்டணும்பாரு. டேங்க ரொப்பிட்டு போகாதீங்க, டேங்க் பக்கத்து ஹோஸ கழட்டணும்னா கால் டேங்க் இருந்தாத்தான் அவருக்கு வசதி.