யாழ்ப்பாணத்திலை ஹைபிரிட் காருக்கு ஏசி ஒயில்: அத்தான்ரை அக்வாவோடை அலைஞ்ச கதை

இந்தமுறை ஊருக்குப் போனது நல்லூர்த் திருவிழா நேரம், வெய்யிலெண்டால் அப்பிடி ஒரு வெய்யில், அத்தான்ரை டொயோட்டா அக்வாவிலை (எஞ்சினோடை பற்றறி மோட்டரும் சேந்து ஓட்டுற ஹைபிரிட் கார்) ஏசி இருந்தும் இல்லாத மாதிரி. ஓடேக்கை கொஞ்சம் குளிரும், சிக்னலிலை நிண்டால் சூடாக் காத்து வரும். அத்தான் கண்ணாடியை இறக்கிவிட்டு "காஸ் குறைஞ்சிட்டுது தம்பி, நாளைக்கு அடிப்பம்" எண்டு லேசாச் சொல்லிப்போட்டார். எனக்கு அங்கைதான் பயம் பிடிச்சது, காஸ் அடிக்கேக்கை கனபேர் ஏசி ஒயிலையும் சேத்து விடுவினம். கனடாவிலை ஸ்காபரோவிலை நான் கார் பார்ட்ஸ் விக்கிற கவுண்டரிலை நிக்கிறவன், பிழையான ஒயில் விட்ட ஹைபிரிட்டுக்கு என்ன நடக்குமெண்டு கஸ்டமர்மார் வந்து அழுகிறதைப் பாத்தவன்.

விசயம் என்னெண்டால், சாதாரணக் காரிலை ஏசி கொம்பிரஷரை, அதுதான் காஸை அமத்தித் தள்ளுற பம்ப், எஞ்சின் பெல்ட் சுத்துது. அக்வா, பிரியஸ் மாதிரி ஹைபிரிட்டுகளிலை பெல்ட்டே இல்லை, கொம்பிரஷருக்குள்ளையே ஒரு கரண்ட் மோட்டர் இருக்கு, பெரிய பற்றறியிலை இருந்து வாற ஹை வோல்டேஜிலைதான் அது ஓடுது. அதாலைதான் எஞ்சின் நிண்டாலும் ஏசி வேலை செய்யுது. அந்த மோட்டர் வயரிங் எல்லாம் காஸிலையும் ஒயிலிலையும் ஊறித்தான் கிடக்கும். அதாலை அந்த ஒயில் கரண்டைக் கடத்தாத ஒயிலா இருக்கவேணும். டென்சோ கொம்பனி செய்யிற கரண்ட் கொம்பிரஷருக்கு என்டி ஒயில் 11 எண்டு ஒண்டு, அது பிஓஇ எண்ட வகை. பெல்ட் கொம்பிரஷருக்கு விடுறது என்டி ஒயில் 8, அது பிஏஜி எண்ட வேறை வகை, கடைக்காரர் பிஏஜி 46 எண்டு சொல்லுவினம். இந்தப் பிஏஜி கொஞ்சம் போய்ச் சேந்தாலே மோட்டர்ரை இன்சுலேஷன், அதாவது கரண்ட் வெளியிலை கசியாமல் தடுக்கிற காப்பு, குறைஞ்சிடும். குறைஞ்சால் கரண்ட் காரின்ரை இரும்புப் பொடிப்பக்கம் கசியுதெண்டு காரின்ரை கம்பியூட்டர் கண்டுபிடிச்சு டாஷ்போர்டிலை முக்கோண லைட்டைப் போடும். பிழையைச் சொல்லுற கோட் பி0ஏஏ6, சப் கோட் 611 வந்தால் பிரச்சினை ஏசிப் பக்கம். பிறகு காரை நிப்பாட்டினால் திரும்ப ஸ்டார்ட் ஆகாமல் அப்பிடியே கிடந்தாலும் கிடக்கும். வெளியிலை இருந்து பாத்தால் ஒயிலுக்கும் கார் ஸ்டார்ட் ஆகாததுக்கும் என்ன சம்பந்தமெண்டு ஆருக்கும் விளங்காது, கனபேர் பெரிய பற்றறி போச்சுதெண்டு நினைச்சு அதையும் மாத்திப்போட்டுத்தான் இஞ்சாலை வருவினம்.

சரி, முதல் போன இடத்தைச் சொல்லுறன், பேர் வேண்டாம். பளபளவெண்டு ஒரு இடம், வாற ஆக்கள் இருக்க ஏசி ரூம், குடிக்க நெஸ்கபே, டிவி. நடுவிலை ஒரு பெரிய மெஷின், பழைய காஸை இழுத்து, வக்கியூம் போட்டு (உள்ளை நிக்கிற காத்தையும் ஈரத்தையும் உறிஞ்சி), ஒயிலையும் லீக் பாக்கிற கலரையும் தானே கணக்குப் பாத்து விடுற ஓட்டோமேட்டிக் மெஷின். பெடியன் ஒருத்தன் வந்து ஹோஸைக் கொழுவப் போக, "தம்பி, உந்த மெஷினுக்குள்ளை என்ன ஒயில் கிடக்குது?" எண்டு கேட்டன். அவனுக்குத் தெரியேல்லை, முதலாளியைக் கூப்பிட்டான். முதலாளி நல்ல மனுசன்தான், சிரிச்சுக்கொண்டு "அண்ணை, எல்லா டொயோட்டாக்கும் 46தான், நாங்கள் எத்தினை வருசமா அடிக்கிறம்" எண்டார். இது ஹைபிரிட் எல்லோ எண்டன். "காஸ் ஒண்டுதானே அண்ணை?" எண்டார்.

காஸ் ஒண்டுதான், ஆர்134ஏ, அதிலை ஒரு பிழையும் இல்லை. ஒயில்தான் வேறை. உப்பிடி ஓட்டோமேட்டிக் மெஷினிலை ஆபத்தும் இருக்கு, ஏனெண்டால் முதல் காருக்கு விட்ட ஒயில் அந்த ஹோஸுக்குள்ளை படிஞ்சு கிடக்கும், ஒயில் விடாதை எண்டு பட்டனை அமத்தினாலும் அந்த மிச்சம் அடுத்த காருக்குள்ளை போகும். ஹைபிரிட்டுக்கெண்டே ஹோஸைக் கழுவிற மெஷின் இருக்கு, இது அது இல்லை. அத்தானுக்கு ஒரே வெக்கமாப் போச்சு, வெளிநாட்டாலை வந்தவன் வந்து சண்டை பிடிக்கிறான் எண்டு நினைப்பினம் எண்டு என்ரை கையைப் பிடிச்சு இழுக்கிறார். சண்டை ஒண்டும் இல்லை, பிறகு வாறம் எண்டுட்டு வெளிக்கிட்டம். நெஸ்கபே மட்டும் குடிச்சது.

பிறகு அத்தான்ரை கூட்டாளி ஒராள் சொல்லி கொக்குவில் பக்கம் ஒரு ஒழுங்கைக்குள்ளை போனம். தகரக் கொட்டில், வாசலிலை முருங்கை மரம், இருக்க ஒரு பிளாஸ்டிக் கதிரை. அந்தத் தம்பி கட்டாரிலை வேலை செய்துட்டு வந்தவராம். காரைப் பாத்த உடனை அவர் கேட்ட முதல் கேள்வி, "முந்தி ஆர் காஸ் அடிச்சது, என்ன ஒயில் விட்டவை?" எண்டு. எனக்கு அதோடை மனம் ஆறிட்டுது. ஹைபிரிட்டுக்கெண்டு தனிய ஒரு பிரஷர் கேஜும் ஹோஸும், சிவப்பு ரேப் சுத்தி மேலை கொழுவி வைச்சிருக்கிறார், அதை மற்றக் காருக்குத் தொட விடமாட்டாராம். முத்தத்திலை ஒரு பிரியஸ் தூசு பிடிச்சுக் கிடந்தது, அதைக் காட்டி "உது ஆரோ டின் காஸ் அடிச்சுவிட்டது அண்ணை" எண்டார். கன டின்னுக்குள்ளை காஸோடை சேத்துப் பிஏஜி ஒயிலும் கலரும் வரும், வாங்கிற ஆக்கள் அதை வாசிக்கிறேல்லை. அந்தக் காருக்கு இனிக் கொம்பிரஷர் மட்டும் மாத்திக் காணாது, ஒயில் எல்லா இடமும் பரவினபடியாலை குழாய், கொண்டென்சர் (முன்னாலை ரேடியேட்டர் மாதிரி இருந்து சூட்டை வெளியிலை விடுறது), உள்ளை இருக்கிற கூலிங் கொயில் எல்லாத்தையும் பாக்கவேணும். சொந்தக்காரர் காசு சேக்கிறாராம்.

எங்கடை காரிலை லீக் கொண்டென்சரிலை. முன்னாலை ஒரு மூலை எண்ணெய் பிடிச்சுக் கறுத்துக் கிடந்தது. காஸ் போற ஓட்டையாலை ஒயிலும் கசியும், அதிலை தூசு ஒட்டும், அதைப் பாத்தே பாதி நோயைச் சொல்லலாம். ஏ9 ரோட்டிலை கல் அடிச்சதாத்தான் இருக்கும். கொண்டென்சர் கொழும்பிலை கார் பார்ட்ஸ் கடையள் இருக்கிற பஞ்சிகாவத்தையிலை சொல்லி இரவு பஸ்ஸிலை வந்தது. 2020இலை இலங்கையிலை வாகன இறக்குமதி நிப்பாட்டினது, தனியார் வாகனத்துக்கு 2025 பெப்ரவரியிலைதான் திரும்ப விட்டவை, அதுவரைக்கும் இருக்கிற காரை வைச்சு ஓட்டினபடியாலை அக்வாவுக்கு பார்ட்ஸ் தட்டுப்பாடு இல்லை, புதுசும் இருக்கு, பாவிச்சதும் இருக்கு.

வேலை செய்த விதத்தைச் சொல்லாமல் விடேலாது. புதுக் கொண்டென்சர் போட்டால் பழசிலை நிண்ட ஒயிலுக்குப் பதிலா கிட்டத்தட்ட 40 மில்லி விடவேணும், அதைச் சிரிஞ்சாலை அளந்து விட்டார். கூட விட்டால் இன்னும் நல்லாக் குளிரும் எண்டு அத்தான் நினைச்சார், இல்லை, ஒயில் கூடினால் குழாய்ச் சுவரிலை படிஞ்சு குளிர் குறையும், பிரஷரும் ஏறும். என்டி 11 சின்ன டின், எங்களுக்கு முன்னாலை சீல் உடைச்சார், மிச்சத்தை வைக்கேல்லை. இந்த ஒயில் காத்திலை இருக்கிற ஈரத்தை இழுக்கும், யாழ்ப்பாணத்துக் காத்திலை சொல்லவே தேவையில்லை. பிறகு நைட்ரஜன் அடிச்சு லீக் பாத்து, வக்கியூம் போட்டு முக்கால் மணித்தியாலத்துக்கு மேலை விட்டு, பம்பை நிப்பாட்டிப்போட்டு கேஜ் முள்ளு அசையுதோ எண்டு பாத்துக்கொண்டு இருந்தார். காஸைக் கேஜ் பாத்து அடிக்கேல்லை, போத்தலைத் தராசிலை வைச்சு, பொனட்டுக்குக் கீழை ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரிலை உள்ள கிராம் கணக்குக்கு விட்டார். ஹை வோல்டேஜ் போற ஒறேஞ்ச் வயரைத் தொட முதல், பெரிய பற்றறிக் கரண்டை வெட்டுற சேர்விஸ் பிளக்கைக் கழட்டிப்போட்டுப் பத்து நிமிசம் பேசாமல் இருந்தார், உள்ளை தேங்கி நிக்கிற கரண்ட் இறங்க. கனடாவிலையும் அவசரப்பட்டு இதை விடுற ஆக்களை எனக்குத் தெரியும்.

குறை இல்லாமல் இல்லை. பின்னேரம் வாங்கோ எண்டால் அடுத்தநாள் பின்னேரம். பில் எண்டு ஒண்டும் இல்லை, துண்டுக் கடதாசியிலை ஒரு தொகை. எனக்கு மனசுக்கு ஒத்துவராதது, மிச்சமிருந்த பழைய காஸை அப்பிடியே காத்திலை திறந்துவிட்டது. ஆர்134ஏ கரியமில வாயுவை விட ஆயிரம் மடங்குக்கு மேலை சூட்டைப் பிடிச்சு வைக்கிற சாமான், ஒன்ராறியோவிலை அப்பிடித் திறந்துவிட்டால் குற்றம், அதுக்குப் படிச்சு எடுத்த கார்ட் இல்லாத ஆள் காஸிலை கை வைக்கேலாது. கேட்டன். "பிடிச்சு வைக்கிற மெஷின் வாங்க இன்னும் காசு காணாது அண்ணை" எண்டார். அங்காலை பளபள கடையிலை அந்த மெஷின் கிடக்குது, ஒயில் பிழை. இஞ்சை ஒயில் சரி, மெஷின் இல்லை. இரண்டு பேரையும் ஒரு கொட்டிலுக்குள்ளை கட்டிவிட்டால் நல்லாயிருக்கும் எண்டு அத்தான் சொல்லிச் சிரிச்சார்.

ஊருக்குப் போய் வாடகைக்கு எடுக்கிற ஆக்களுக்கும், அங்கை அம்மா அப்பாக்குக் கார் எடுத்துக் குடுத்த ஆக்களுக்கும் சொல்லுறது: ஹைபிரிட் எண்டு பின்னாலை எழுதின எல்லாத்திலையும் கரண்ட் கொம்பிரஷர் இல்லை. சுசுகி வாகன் ஆர் மாதிரிச் சின்ன ஹைபிரிட்டிலை பெல்ட்தான், அதுக்குப் பிஏஜிதான் சரி, கேட்ட கதையை வைச்சு அதுக்கும் 11ஐ விடச் சொல்லாதேங்கோ. கொம்பிரஷரிலேயே ஸ்டிக்கர் இருக்கும், என்ன ஒயில் எண்டு அதிலை போட்டிருக்கும், போனிலை ஒரு படம் எடுத்து வைச்சுக்கொள்ளுங்கோ. சும்மா காஸ் மட்டும் குறைஞ்சு, ஒயில் கசிஞ்ச அடையாளம் ஒண்டும் இல்லையெண்டால் ஒயில் விடவே தேவையில்லை, வருசா வருசம் சேர்விஸ் எண்டு சொல்லி விடுறதுக்கு ஓம் சொல்லாதேங்கோ. இந்தத் தம்பியிட்டைப் போறதெண்டால் திருவிழா தொடங்க முதலே போன் பண்ணிக் கேட்டுப் போறது நல்லம். நாங்கள் காரை எடுக்கேக்கை ஒழுங்கை முழுக்கக் கார் நிண்டது, பக்கத்து வீட்டு ஐயா தன்ரை கேற்றைத் திறக்கேலாமல் ஏசிக்கொண்டிருந்தார்.