ஹீட் பிரஸ்ஸுக்கு லேசர் லைட் வாங்கலாமா?

ஹீட் பிரஸ்ஸில் டிசைனை எங்கே வைப்பது என்று துணிமேல் ஒளிக்கோடு போட்டுக் காட்டுவது லேசர் லைட். அதன் விலை இறங்கியிருக்கிறது, டிடிஎஃப் (ஃபிலிமில் அச்சடித்த டிசைனைச் சூட்டில் துணிக்கு மாற்றும்) வேலைக்கு வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அவருக்கான பதில் இது. என் மெஷின் 38க்கு 38 சென்டிமீட்டர் கிளாம்ஷெல், அதாவது மேல் தட்டு வாய் போலத் திறந்து மூடும் வகை. பின்புறத் தூணில் இரண்டு லைட்: ஒன்று நெடுக்குக் கோடு, மற்றது குறுக்குக் கோடு.

நெடுக்குக் கோட்டைக் குறை சொல்லவே முடியாது. லைட் தட்டின் நெடுக்கு நடுக்கோட்டுக்கு நேராக நிற்பதால் துணி தடிமனாக இருந்தாலும் கோடு இடம் வலமாக நகராது. காலர் நடுவையும் ஃபிலிம் நடுவையும் அதில் வைத்தால் போதும், லாட் முழுக்க டிசைன் நடுவிலேயே விழும். வாங்கும்போது பச்சை ஒளி கேளுங்கள். பாட்டில் கிரீன், நேவி துணிகளில் சிவப்புக் கோடு மங்கிவிடும்.

ஆத்திரம் வருவது குறுக்குக் கோட்டில்தான். அது பின்னாலிருந்து சாய்வாக விழுகிறது. சாய்வு 45 டிகிரி என்றால், துணி எத்தனை மில்லிமீட்டர் உயர்கிறதோ அத்தனை மில்லிமீட்டர் கோடு காலர் பக்கம் நகரும். 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்) ரவுண்ட் நெக் பனியனுக்குச் செட் செய்த லைட்டை அப்படியே வைத்துக்கொண்டு, ஹூடிக்குள் தையல் மேடுகளைச் சமன்செய்ய 1 சென்டிமீட்டர் ஃபோம் தலையணை நுழைத்து அடித்தால், டிசைன் 1 சென்டிமீட்டர் மேலே ஏறிவிடும். துணி மாறும்போதெல்லாம் திரும்பச் செட் செய்ய வேண்டும். அதோடு கிளாம்ப் ஸ்க்ரூ, மெஷின் மூடித் திறக்கும் அதிர்விலேயே தளர்கிறது. ஸ்ப்ரிங் வாஷர் போட்டால் கொஞ்சம் தாங்கும். லைட்டை மேல் தட்டில் மாட்டச் சொல்பவர்களை நம்பாதீர்கள். தட்டைத் தூக்கிப் பிடிக்கும் கேஸ் ஸ்ப்ரிங் வலுவிழந்து தட்டு முழுதாகத் திறக்காத நாளில் குறுக்குக் கோடு பொய் சொல்லும்.

லைட் காட்டுவது தட்டின் நடுவை. பனியனின் நடுவை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். சைடு ஜாயிண்டை வைத்து மடிக்கவே கூடாது. பனியன் தைக்கும் சிங்கிள் ஜெர்சி முறுக்கிக்கொள்ளும் துணி, ஜாயிண்ட் முன்பக்கம் திரும்பியிருந்தால் டிசைனும் சேர்ந்து சாயும். காலரை ஷோல்டர் தொடும் இரண்டு புள்ளிகளையும் ஒன்றாகப் பிடித்து, அங்கிருந்து பின்னலின் நெடுக்கு வரியோடு மடித்து அழுத்துங்கள். அந்த மடிப்புதான் நடு. ஈரம் போக 3 முதல் 5 விநாடி பிரஸ் கொடுத்தபிறகே அளவெடுங்கள், பருத்தி அப்போதுதான் சுருங்கும்.

உயரத்துக்கு முன்பக்க டிசைன் என்றால் காலர் ரிப்பின் (கழுத்துப் பட்டியின்) கீழ் விளிம்பிலிருந்து 3 இன்ச். எஸ் சைஸுக்கு இரண்டரை, டபுள் எக்ஸ்எல்லுக்கு மூன்றரை. இடது மார்பு லோகோ என்றால் ஷோல்டர் மேல்புள்ளியிலிருந்து 7 முதல் 8 இன்ச் கீழே, நடுக்கோட்டிலிருந்து லோகோவின் நடுவரை 4 இன்ச். இரண்டு அக்குளையும் இணைக்கும் கோட்டுக்கு டிசைனின் மேல்விளிம்பு இணையாக இருக்கிறதா என்று கடைசியாகப் பார்க்க வேண்டும். இந்த வேலைகள் எதற்கும் குறுக்கு லேசர் தேவையில்லை, டி வடிவ அக்ரிலிக் ஸ்கேல் போதும். காலர் வளைவில் உட்காரும் அந்தப் பிளாஸ்டிக் துண்டு இவ்வளவு துல்லியமாக இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. துணி தடித்தாலும் அது துணியோடு சேர்ந்தே உயர்வதால் அளவு மாறாது.

எவ்வளவு சரியாக வைத்தாலும் கிளாம்ஷெல் மூடும்போது கிளம்பும் காற்று ஃபிலிமைத் தள்ளிவிடும். எதிரெதிர் மூலைகளில் ஹீட் டேப் (சூடு தாங்கும் டேப்) ஒட்டுங்கள். காலரும் ஜாயிண்டும் தட்டுக்கு வெளியே தொங்கட்டும், இல்லையென்றால் அழுத்தம் சமமாக விழாது.

நெடுக்குக் கோடு இல்லாமல் பெரிய லாட் அடிக்க இப்போது மனமே வராது. ஆனாலும் நண்பருக்குப் பதில்: வேண்டாம். கடைகளில் பெரும்பாலும் இரண்டு லைட்டும் செட்டாகத்தான் தருகிறார்கள்; அந்தக் குறுக்குக் கோட்டுக்கு யாரும் காசு கொடுக்கக் கூடாது. ஸ்கேலும் ஒரு சுருள் ஹீட் டேப்பும் வாங்குங்கள்.