கைரம்பத்தில் ஒரு செம்பருந்து: முதல் இன்டார்சியா படம், சுவரில் ஏறிய பிறகு

இன்டார்சியா என்றால் பல நிற மரத்துண்டுகளை வெட்டி, அரத்தில் ராவி, ஒன்றோடொன்று பொருத்திப் படமாக்குவது. பெயின்ட் கிடையாது, சாயம் கிடையாது. மரத்தின் சொந்த நிறமும் ரேகையும்தான் படம். மைசூரில் ஈட்டிமரப் பலகையில் குழி பறித்து மெல்லிய துண்டுகளைப் பதிப்பார்களே, அது வேறு வேலை. இதில் ஒவ்வொரு துண்டும் வேறு வேறு உயரத்தில், விளிம்பு உருட்டப்பட்டு நிற்கும்.

என் முதல் படம் செம்பருந்து. நாகப்பட்டினம் மாதிரிக் கடலோர ஊர்களில் மீன்பிடித் துறைமுகத்துக்கு மேலே எப்போதும் வட்டமிடும் பறவை. இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. தலையும் மார்பும் வெள்ளை, உடம்பும் இறக்கையும் செம்பழுப்பு, இறக்கை நுனி கறுப்பு. மூன்றுமே மரத்தில் கிடைக்கிற நிறம். மயிலோ மீன்கொத்தியோ முதல் படமாக எடுக்கவே கூடாது. நீலத்துக்கு எங்கே போவது? பருந்துக்குப் பின்னால் ஒரு பாதிச் சூரியன் வைத்தேன்.

படம் கூடத்துச் சுவரில் ஏறி, ஐப்பசி அடைமழையும் அக்னி நட்சத்திரமும் தாண்டிவிட்டது. இப்போது எழுதினால்தான் மற்றவர்களுக்கு உபயோகம். செய்து முடித்த அன்று எடுத்த போட்டோவில் எந்த வேலையும் அழகாகத்தான் இருக்கும்.

முதலில் கருவிகள். ஒரு கோப்பிங் ரம்பம் (U வடிவச் சட்டத்தில் மெல்லிய பிளேடு பூட்டிய கைரம்பம்), கொஞ்சம் கூடுதலாக பிளேடுகள், இரண்டு சி கிளாம்பு, அரைவட்ட அரம், உப்புத்தாள், ஃபெவிகால். மெஷின் எதுவும் இல்லை. ஒரு பலகையில் முக்கோண வாய் வெட்டி, அந்த வாய் மேஜை விளிம்புக்கு வெளியே நீட்டி நிற்கும்படி கிளாம்பால் இறுக்கினால் அதுவே ரம்ப மேடை. பிளேடின் பல் கைப்பிடியைப் பார்த்து இருக்க வேண்டும். கைப்பிடி மேடைக்குக் கீழே. கீழே இழுக்கும்போதுதான் அறுக்கும். அப்போது மரம் மேடையோடு அமுங்கி நிற்கிறது, துள்ளுவதில்லை. கையால் அறுப்பதற்கு அரை அங்குலக் கனம் போதும். முக்கால் அங்குலப் பலகையெல்லாம் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு. கோப்பிங் ரம்பத்தின் சட்டத்துக்கு ஆழம் குறைவு, பலகையின் ஓரத்திலிருந்து ரொம்ப உள்ளே போகாது, அதனால் பெரிய பலகையை முதலில் கைக்கடக்கமான துண்டுகளாக்கிக்கொள்வது நல்லது.

சரி, மரம். தலைக்கு ரப்பர் மரம், இறக்கைக்கு வேம்பு, நுனிக்கு ஈட்டி, சூரியனுக்குப் பலா. வேம்பும் ஈட்டியும் பழைய ஜன்னல் சட்டம், உடைந்த நாற்காலிக் கால் என்று பழைய சாமான் கடையில் கிடைத்தவை. பழைய மரத்தில் ஈரம் போயிருக்கும், அதுவே பெரிய லாபம். ரப்பர் மரத்தை மட்டும் மருந்து ஏற்றிய பலகையாகக் கடையில் கேட்டு வாங்க வேண்டும். மருந்தில்லாத ரப்பர் மரத்தை வண்டு துளைத்து மாவாகக் கொட்டிவிடும். தேக்கு எங்கும் கிடைக்கிறதே என்று தோன்றும். ஆனால் தேக்கில் மணற்சத்து உண்டு, மெல்லிய பிளேடின் பல் சீக்கிரம் மழுங்கும். பலாவை அறுப்பது சுகம். வேம்பு ரேகை மாறி மாறி ஓடுவதால் உளி வைத்தால் பெயரும். அரமும் உப்புத்தாளும்தான் அதற்குச் சரி.

வரைபடத்தைப் பல நகல் எடுத்து, துண்டு துண்டாகக் கத்தரித்து, எண் போட்டு, ரேகை ஓட வேண்டிய திசைக்கு ஒரு அம்புக்குறியும் போட்டு மரத்தில் ஒட்டினேன். அந்த அம்புக்குறியை யாரும் சாதாரணமாக நினைக்க வேண்டாம். இறக்கையின் ஒவ்வொரு இறகிலும் ரேகை இறகின் நீளத்திலேயே ஓடினால்தான் அது இறகு. குறுக்கே ஓடினால் வெறும் மரத்துண்டு.

பொருத்துவதுதான் இந்த வேலையின் உயிர். அதிக நேரம் போவதும் அங்கேதான். பிளேடு கொஞ்சம் சாய்ந்தாலும் மேலே சேர்ந்து கீழே பிளக்கும், அல்லது மேலே பிளக்கும். இரண்டு துண்டையும் சேர்த்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் இடுக்கு தெரியும். எங்கே இடிக்கிறது என்று தெரிய, நடுவில் கார்பன் பேப்பர் வைத்து அழுத்த வேண்டும். மேடான இடத்தில் கறுப்பு ஒட்டும். அதை மட்டும் அரத்தில் இரண்டு இழுப்பு இழுத்து, மறுபடி கார்பன், மறுபடி அரம். இடைவெளி பெரிதாக இருந்தால் இரண்டையும் ஒரு அட்டையில் நெருக்கி ஒட்டிவிட்டு, சேரும் கோட்டிலேயே ரம்பத்தை விடலாம். இரண்டு பக்கமும் ஒரே வளைவில் அறுபடும், அப்புறம் கச்சிதமாகச் சேரும்.

பிறகு உயரம். முன்னால் வரும் இறக்கைக்கு அடியில் மெல்லிய பிளைவுட் கொடுத்துத் தூக்கினேன். பின்னால் இருக்கும் இறக்கையைத் தேய்த்துத் தாழ்த்தினேன். 80, 120, 220 என்று உப்புத்தாள் மாற்றித் தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம். ஈட்டி, தேக்கு போன்ற மரங்களின் தூள் பலருக்குத் தோல் அரிப்பும் மூச்சுத் தொல்லையும் தரும். துண்டுகளை ஒட்டுவதற்கு முன்பே, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பூச்சுப் போடுவது நல்லது. அப்புறம் 6 மில்லிமீட்டர் பிளைவுட்டில் ஒட்ட வேண்டியதுதான்.

இனி காலம் செய்த வேலை.

படத்துக்கு வெட்டிய அதே பலகைகளின் மிச்சத் துண்டுகளை, அதே பூச்சுப் பூசி, மேஜை இழுப்பறைக்குள் வெளிச்சம் படாமல் வைத்திருந்தேன். சமீபத்தில் எடுத்துப் படத்தின் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். பலாவில்தான் பெரிய மாற்றம். இழுப்பறைத் துண்டு இன்னும் மஞ்சள். சுவரில் இருக்கும் சூரியன் செம்பு நிறத்துக்கு வந்துவிட்டது. வேம்பு ஒரு படி கருத்திருக்கிறது. ஈட்டியில் இருந்த ஊதாச் சாயல் மங்கி வெறும் பழுப்பாகியிருக்கிறது. ரப்பர் மரம் லேசாக மஞ்சளித்திருக்கிறது. அதற்கு ஆளிவிதை எண்ணெய் போடாமல் தண்ணீரில் கரையும் கிளியர் பூச்சு போட்டதால் இந்த அளவில் நின்றது என்பது என் கணிப்பு. எண்ணெய் வெளிர் மரத்தை வேகமாக மஞ்சளாக்கும்.

ஆக, சூரியனும் இறக்கையும் நிறத்தில் நெருங்கி வருகின்றன. ஆனாலும் படம் கெடவில்லை. தலை வெளிர், நுனி அடர் என்ற வித்தியாசம் அப்படியே நிற்கிறது, ரேகை ஓட்டம் எங்கும் போகவில்லை. இதைத்தான் புதிதாகத் தொடங்குகிறவர்களிடம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: மஞ்சள், சிவப்பு, ஊதா என்று நிறத்தை நம்பிப் படம் போடாதீர்கள். வெளிர், நடுத்தரம், அடர் என்று மூன்றாகப் பிரியுங்கள். மரத்துண்டுகளை அடுக்கி மொபைலில் கறுப்பு வெள்ளையாக ஒரு போட்டோ எடுங்கள். அதிலும் பறவை பறவையாகத் தெரிந்தால் பல வருஷத்துக்குக் கவலையில்லை.

இத்தாலியின் குப்பியோ அரண்மனையிலிருந்த ஒரு சிறிய அறை இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் இருக்கிறது. சுமார் 1478இலிருந்து 1482 வரை செய்தது. பாதி திறந்த அலமாரிக் கதவுகள், உள்ளே புத்தகங்கள், இசைக்கருவிகள் என்று சுவர் முழுக்க வால்நட், பீச், ஓக், ஈட்டி போன்ற மரத்துண்டுகளால் ஆன படம். ஐந்து நூற்றாண்டு கழித்தும் கதவு திறந்திருப்பதுபோலக் கண் ஏமாறுகிறது. நிழல் விழும் இடத்தில் அடர் மரமும் ஒளி விழும் இடத்தில் வெளிர் மரமும் வைத்த கணக்கு அது. அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இதைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியாது.

மழைக்கும் வெயிலுக்கும் படம் நன்றாகவே தாங்கியது. மரம் ரேகைக்குக் குறுக்கேதான் அதிகம் ஊதும், சுருங்கும். துண்டுகள் சிறியதாக இருப்பதால் பெரிய தொந்தரவில்லை. மழையில் இடுக்குகள் மூடிக்கொள்கின்றன, மே மாதத்தில் அகலமான இறக்கைத் துண்டின் ஓரத்தில் ஒரு தாள் நுழையும் அளவுக்குத் திறக்கிறது. ஒரு துண்டும் பெயரவில்லை. துண்டுகளுக்கு நடுவே பள்ளத்தில் தூசி தங்கும். காய்ந்த பெயின்ட் பிரஷால் தட்டினால் போகும். ஈரத்துணி வேண்டாம்.

ஸ்க்ரோல் சா (மெல்லிய பிளேடை மேலும் கீழும் ஓட்டி வளைவு அறுக்கும்) மெஷின் வாங்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். முதல் படத்துக்கு வேண்டாம் என்பதே என் அபிப்ராயம். வளைவில் மெஷின் வேகம் தரும், பிளேடை நேராகவும் நிறுத்தும். ஆனால் மரம் தேர்வதையும் அரத்தில் பொருத்துவதையும் அது செய்யாது. இருபது முப்பது துண்டுக்குள் அடங்கும் படத்துக்குக் கைரம்பமே போதும். அதற்கு மேல் போகிறவர்கள், சின்னச் சின்ன இறகாக வெட்ட நினைக்கிறவர்கள், இரண்டாவது படத்தின்போது வாங்கிக்கொள்ளலாம். அதுவரை அந்தப் பணத்துக்கு நல்ல கிளாம்பும் நல்ல பிளேடும் வாங்குங்கள்.