கிளவுட் பில்லிங்: சந்தா முடிந்தால் பழைய பில் யாருடையது?

மனைவியின் தம்பி எலெக்ட்ரிக்கல் கடை போடப்போகிறான். "நீங்க வெச்சிருக்கிற கிளவுட் பில்லிங்கையே நானும் வாங்கட்டுமா மாமா?" என்று கேட்டான். கிளவுட் பில்லிங் என்றால், பில்லெல்லாம் நம் கணினியில் இல்லாமல் நெட் வழியே மென்பொருள் நிறுவனத்தின் சர்வரில் இருக்கும்; சந்தா கட்டி ஓட்ட வேண்டும். போனில் பேசினால் கோபம் மட்டும்தான் வரும் என்பதால் எழுதுகிறேன். எங்களுடையது ஹார்டுவேர் கடை. சிமெண்ட், கம்பி, பைப், மோட்டார். மென்பொருளின் பெயர் வேண்டாம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2025 செப்டம்பர் 22 அன்று சிமெண்டுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18க்கு இறங்கியது. காலையில் கணினியைப் போட்டதுமே, எச்எஸ்என் 2523-இல் (ஜிஎஸ்டியில் சிமெண்டுக்கான பொருள் குறியீட்டு எண்) இருந்த அத்தனை சிமெண்டையும் வரிசையாகக் காட்டி, புது விகிதத்துக்கு மாற்றவா என்று கேட்டது. ஒரே அழுத்து, முடிந்தது. பக்கத்துக் கடையில் பழைய மென்பொருள். பையன் மத்தியானம் வரை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருந்தான்.

ஹார்ட் டிஸ்க் போனபோதும் அப்படித்தான். சர்வீஸ்காரர் கணினியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மகளின் லேப்டாப்பில் பாஸ்வேர்டு போட்டதும், மேஸ்திரிகளின் கடன் பாக்கி வரை அப்படியே வந்து நின்றது. நெட் போனால் போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டிவிடலாம். அதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை.

வருத்தம் சந்தாவில். முடிய ஒரு மாதம் இருக்கும்போதே திரையில் ஒரு பெட்டி வந்து உட்காரும், அதுவும் சரியாகப் பிரிண்ட் பட்டன் மேலே. மூட்டை ஏற்றிவிட்டு டிரைவர் பில்லுக்குக் கை நீட்டிக்கொண்டு நிற்பார். நான் அந்தப் பெட்டியின் மூலையில் கடுகளவு இருக்கும் பெருக்கல் குறியைத் தேடிக்கொண்டிருப்பேன். அடுத்த பில்லுக்கு மறுபடியும் அதே கூத்து.

சரி, அதையும் பொறுத்தாயிற்று. போன முறை கட்டணத்தை ஏற்றியிருந்தார்கள், கொஞ்சம் யோசிப்போமே என்று தள்ளிப்போட்டேன். புது பில் போட முடியாது என்றால் நியாயம். பழைய பில்லையும் திறக்க விடவில்லை! வாரண்டிக்காக மோட்டார் பில்லின் நகல் கேட்டு ஒருவர் வந்து நிற்கிறார். பில் எண் தெரிகிறது, அவர் பெயர் தெரிகிறது, தொட்டால் 'புதுப்பிக்கவும்'. வருடாந்திர ரிட்டர்னின் கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும் என்கிறது ஜிஎஸ்டி சட்டம். அதிகாரி கேட்டால் பதில் சொல்ல வேண்டியவன் நான், சாவி அவர்களிடம். சொந்த நகையைப் பார்க்க வட்டி கட்டுவதைப் போல இருக்கிறது.

கஸ்டமர் கேரில், "எக்ஸ்போர்ட் பண்ணிக்கலாமே சார்" என்றார்கள். பண்ணிப் பார்த்தேன். எக்செல்லில் தேதி, பெயர், தொகை வருகிறது. எந்த பில்லில் என்ன பொருள் போனது என்பது வரவில்லை. அதற்கு ஒவ்வொரு பில்லாக பிடிஎஃப் இறக்க வேண்டுமாம். இப்போது மாதாமாதம் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்கு ரிட்டர்னைப் போட்ட கையோடு, பிடிஎஃப் இறக்குவது கடைப் பையனுக்குத் தனி வேலை. இதற்குச் சம்பளம் நான் தருகிறேன். (சந்தா மேல் போடும் 18 சதவீத ஜிஎஸ்டி, நான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் உள்ளீட்டு வரியாகக் கழிந்துவிடுகிறது, அதனால் அதைத் திட்டவில்லை.)

அப்புறம் என்ன, கட்டிவிட்டேன். மூன்று வருடத்துக்குச் சேர்த்தே கட்டினேன், தள்ளுபடி கொடுத்தார்கள்.

மாப்பிள்ளை, நீ மட்டும் வாங்காதே. வாங்கியே தீருவேன் என்றால், ட்ரையலில் பத்து பில் போட்டு, பொருள் விவரத்தோடு எக்செல்லில் இறங்குகிறதா பார். ட்ரையல் முடிந்த மறுநாளும் அந்தப் பத்து பில் திறக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டு.