மெழுகு பிளாக்கைத் தர மறுத்த லேப் கவுண்டர்

லண்டனில் நோயாளி தன் பயாப்ஸி பிளாக்கை (வெட்டியெடுத்த சதைத் துணுக்கைப் பதித்த மெழுகுத் துண்டு) கண்ணால் பார்ப்பதேயில்லை. ஆஸ்பத்திரி கேட்டால் லேப் அனுப்பிவிடும். மதுரையில் அதை நாமே எழுதிக் கொடுத்து, கையெழுத்துப் போட்டு, மஞ்சப்பையில் சுமக்க வேண்டும். அதுவும் கொடுத்தால்தான்.

பெரியப்பாவுக்கு விதைப்பையில் சிவந்து அரிக்கும் திட்டு. படர்தாமரை என்று மெடிக்கல் ஷாப்பில் வழக்கம்போல மூன்று மருந்து கலந்த டியூபைக் கொடுத்திருக்கிறார்கள். அதிலுள்ள ஸ்டீராய்டு அரிப்பை அமுக்கும், திட்டு மட்டும் பரவும். களிம்பு போட்டும் சில வாரங்களில் ஆறாத திட்டுக்குப் பயாப்ஸிதான் வழி. எடுத்ததில் எக்ஸ்ட்ராமாமரி பேஜட், அதாவது மார்புக்கு வெளியே தோலில் வரும் ஓர் அரிய புற்றுநோய்.

சென்னை டாக்டர் இம்யூனோ சாயப் பரிசோதனைக்குப் பிளாக் கேட்டார். செல்லில் எந்தெந்தப் புரதம் இருக்கிறது என்று சாயமேற்றிப் பார்ப்பது அது; சி.கே.7, சி.கே.20 அப்படிப்பட்ட புரதங்கள். சி.கே.7 பாசிட்டிவ், சி.கே.20 நெகட்டிவ் என்றால் பெரும்பாலும் தோலிலேயே தொடங்கியது. சி.கே.20 பாசிட்டிவ் என்றால் மலக்குடலிலோ மூத்திரப்பையிலோ புற்று தொடங்கியிருக்கலாம். குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப்பியும், மூத்திரப்பைக்குச் சிஸ்டோஸ்கோப்பியும் அவசியம். மெலனோமா (நிறமி செல்களின் புற்று) இல்லை என்று உறுதிசெய்ய எஸ்-100 சாயமும் உண்டு.

லேப் கவுண்டரில் "பிளாக்கெல்லாம் வெளிய தர்றதில்ல சார், ஸ்லைடு வெட்டித் தர்றோம்" என்றார்கள். பிளாக்கை மெல்லிசாகச் சீவி ஒட்டித் தந்தது சாதாரணக் கண்ணாடி ஸ்லைடில். இம்யூனோவுக்கு ஸ்லைடைச் சூடான கரைசலில் வைப்பார்கள். சதை நன்றாக ஒட்டிக்கொள்ளும்படி மின்னேற்றம் தந்த சார்ஜ்டு ஸ்லைடு இல்லாவிட்டால் சதை உரிந்து மிதந்துவிடும். 4 மி.மீ. பஞ்ச்சில் (வட்டக் கத்தி) எடுத்த துணுக்கு, ஒவ்வொரு முறை வெட்டும்போதும் தேய்கிறது. இது கவுண்டரில் இருந்த பையனுக்குத் தெரியாது, அவனைக் குறை சொல்லவும் முடியாது. மாடியிலிருந்த பெத்தாலஜி டாக்டரிடம் நேரே சொன்னதும் பிளாக் வந்துவிட்டது. இந்த 'நேரே போய்ப் பார்ப்பது' லண்டனில் நடக்காது.

பிளாக் தரவே மாட்டோம் என்றால் சார்ஜ்டு ஸ்லைடில் சாயமேற்றாத வெட்டுகள் பத்துப் பன்னிரண்டு கேளுங்கள். பிளாக்கையே தந்தால் அதன் மேலிருக்கும் எண்ணை ரிப்போர்ட்டோடு ஒத்துப் பாருங்கள். வெயிலில் காருக்குள் விட்டுவிடாதீர்கள். அந்த மெழுகு 60 டிகிரிக்குள் இளகிவிடும்.

சிகிச்சையில் முதலிடம் ஆபரேஷனுக்கு. கண்ணுக்குத் தெரியும் ஓரத்தைத் தாண்டியும் பேஜட் செல்கள் இருக்கும், அதனால்தான் திரும்பத் திரும்ப வருகிறது. எல்லை தெளிவாக இருந்தால் 1 செ.மீ., மங்கலாக இருந்தால் 2 செ.மீ. அல்லது கூடுதலாகச் சேர்த்து வெட்டுவார்கள். அடுக்கடுக்காக வெட்டி, ஓரத்தை உடனுக்குடன் மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் மோஸ் முறையில் மறுபடி வருவது குறைவு, நம்மூரில் செய்யும் இடங்களும் குறைவு. மாற்று வழி, வெட்டிக் கட்டுப்போட்டு, ஓரங்களை மெழுகில் பதித்துப் பார்க்கும் பாரஃபின் ரிப்போர்ட் வந்தபின் மூடுவது. ஆபரேஷன் நடக்கும்போதே உறையவைத்துப் பார்க்கும் ஃப்ரோசனை மட்டும் நம்பினால் செல்கள் தப்பிவிடும். மூடுவதற்கு மிச்சமிருக்கும் விதைப்பைத் தோலே பல சமயம் போதும், இல்லையேல் தொடையிலிருந்து ஒட்டுத்தோல்.

ஆபரேஷன் தாங்காதவருக்கு, ஆழமாக இறங்காத திட்டு என்றால், 5% இமிக்விமோட் க்ரீம். வாரம் மூன்று நான்கு இரவு தடவி, காலையில் கழுவ வேண்டும். சுமார் 16 வாரம். புண்ணாகி எரியும். அலர்ஜி என்று பயந்து பாதியில் விட்டுவிடுகிறார்கள். டாக்டரிடம் கேட்டு, சில நாள் இடைவெளி விட்டுத் தொடரலாம். முடிந்ததும் மறு பயாப்ஸி வேண்டும். ரேடியேஷனும் ஒரு வழி.

பரவிய நோய்க்கு அதே பிளாக்கில் ஹெர்-2 (புற்று செல்லை வளரத் தூண்டும் புரதம்) பார்க்கச் சொல்லுங்கள். பாசிட்டிவ் என்றால் அதைத் தடுக்கும் டிராஸ்டுஸுமாப் மருந்து பற்றிக் கேட்கலாம். அதற்கு இணையான உள்நாட்டுத் தயாரிப்பு (பயோசிமிலர்) 2014 முதலே கிடைக்கிறது.