கிராண்ட் நேஷனலுக்கு "உறுதிக் குதிரை" சொல்லிப் பணம் வாங்குபவர் குறித்து ஓர் எச்சரிக்கை

இங்கிலாந்தில் வாழும் நம்மவர்களிடையே, ஏப்ரல் மாதம் நடக்கும் கிராண்ட் நேஷனல் குதிரை ஓட்டத்துக்கு "உறுதிக் குதிரை" சொல்வதாக வாட்ஸ்அப் வழியாகக் கட்டணம் வாங்கும் ஒருவரை நம்பி, 2025 ஆம் ஆண்டில் நான் 530 பவுண் இழந்தேன். அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவர் சொன்ன பெயர் உண்மையானதுதானா என்பதும் எனக்குத் தெரியாது. ஆனால் அவர் எப்படி நம்ப வைத்தார், நான் எந்த இடங்களில் விழித்திருக்க வேண்டும் என்பதை முழுமையாக எழுதுகிறேன். இதே ஆள் வேறு எண்ணிலிருந்து மீண்டும் செய்தி அனுப்பத் தொடங்கியிருக்கிறார்.

நான் வழக்கமாகப் பந்தயம் கட்டுபவன் அல்லன். வருடத்துக்கு ஒரு முறை, வேலைத்தலத்தில் எல்லோரும் ஆளுக்கு ஒரு குதிரையைத் தேர்ந்தெடுக்கும்போது ஐந்து பவுணோ பத்துப் பவுணோ வைப்பேன். லிவர்பூலுக்கு அருகில் அயின்ட்ரீ மைதானத்தில் நான்கு மைலுக்கும் கூடிய தூரத்தில் 30 தடைகளைத் தாண்டி ஓடும் அந்த ஓட்டத்தில் யார் வெல்வார் என்று சொல்வது எவ்வளவு கடினம் என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது. 1967 இல் ஃபொயினாவனும் 2009 இல் மோன் மோமும் நூற்றுக்கு ஒன்று என்ற விலையில், அதாவது கட்டிய ஒரு பவுணுக்கு நூறு பவுண் இலாபம் என்ற கணக்கில், வென்ற ஓட்டம் அது. இருந்தும், பெப்ரவரியில் வந்த அந்த முதல் செய்தி என்னை அசைத்துவிட்டது: "அண்ணா, இது எங்கட ஆக்களுக்கு மட்டும். தொழுவத்தில் வேலை செய்யிற ஆள் எனக்குச் சொன்னது. வேற ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ, சொன்னால் விலை இறங்கிப்போகும்." எங்கள் ஊர்ப் பேச்சில், எங்கள் உறவுமுறை வைத்து எழுதியிருந்ததால் அந்நியர் என்ற எண்ணமே எழவில்லை. சேர்வதற்கு 180 பவுண் கேட்டார். வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்பினேன்.

அடுத்த நாளே ஒரு குதிரையின் பெயரும், பந்தயம் கட்டுவதற்கென்று ஓர் இணைப்பும் வந்தன. அந்த இணைப்பினூடாகத்தான் புதுக் கணக்குத் திறக்க வேண்டும் என்று மூன்று முறை வலியுறுத்தினார். "இப்பவே கட்டினால் விலை கூட" என்று சொல்லி, 75 பவுண் ஈச் வே கட்டச் சொன்னார். ஈச் வே என்றால் ஒரே பந்தயத்துக்குள் இரண்டு பந்தயங்கள்: குதிரை வெல்ல வேண்டும் என்று ஒன்று, முதல் சில இடங்களுக்குள் வர வேண்டும் என்று இன்னொன்று. ஆகவே 75 என்று தட்டினால் கணக்கிலிருந்து போவது 150. அதை அவர் சொல்லவில்லை. பணம் போன பிறகுதான் எனக்கே புரிந்தது.

அந்தக் குதிரை ஓட்டத்துக்கு வரவே இல்லை. மார்ச் மாதத்தில் பட்டியலிலிருந்து விலக்கப்பட்டது. பல வாரங்களுக்கு முன்பே கட்டும் பந்தயத்தில், "ஓடாவிட்டால் பணம் திரும்பும்" என்ற சலுகை தெளிவாக எழுதப்பட்டிருந்தாலன்றி, குதிரை ஓடாவிட்டாலும் கட்டிய பணம் போனதுதான். ஓட்டம் நெருங்கும் நாட்களில் பல நிறுவனங்கள் அந்தச் சலுகையைத் தருகின்றன. பொறுத்திருந்தால் 150 பவுண் கையில் இருந்திருக்கும். இதைக் கேட்டபோது, "அது விளையாட்டில் சகஜம் அண்ணா, ஓட்டத்தன்று எடுத்துத் தாறன்" என்று பதில் வந்தது.

ஓட்டத்தன்று, 2025 ஏப்ரல் 5 ஆம் தேதி காலை 7.42க்கு இரண்டாவது குதிரையின் பெயர் வந்தது. அதன் கீழே காரணங்களும் எழுதப்பட்டிருந்தன: ஒன்பது வயதுக்கு மேற்பட்ட அனுபவக் குதிரை, சுமக்கும் எடை 11 ஸ்டோனுக்குக் கீழே (ஒரு ஸ்டோன் என்பது 14 இறாத்தல்), இந்த ஓட்டத்தில் வெல்வது எப்போதும் இப்படிப்பட்ட குதிரைதான், "100 வீதம் உருதி". உறுதி என்ற சொல்லை அவர் வல்லின றகரம் இல்லாமல் எழுதியிருந்தார். நான் 100 பவுண் ஈச் வே, அதாவது 200 பவுண் கட்டினேன். இரண்டாவது சுற்றில், மிகவும் பின்தங்கிய நிலையில், ஓட்டுநர் குதிரையை நிறுத்திவிட்டார்.

இங்கே சற்று நின்று, அந்தக் "காரணங்கள்" ஏன் பொய்யானவை என்பதைச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அவற்றைப் படித்துத்தான் நான் மயங்கினேன். இது ஹண்டிகாப் ஓட்டம். திறமை மதிப்பெண் கூடிய குதிரைக்குக் கூடுதல் எடையும் குறைந்த குதிரைக்குக் குறைந்த எடையும் சுமத்தி, புள்ளிக்கு ஒரு இறாத்தல் வீதம் எல்லோரையும் சமப்படுத்த முயல்வார்கள். 11 ஸ்டோனுக்கு மேல் சுமப்பவை வெல்லா என்பது நெடுங்காலம் புழங்கிய பேச்சு. ஆனால் 2015 இல் மெனி க்ளவுட்ஸ் 11 ஸ்டோன் 9 இறாத்தல் சுமந்து வென்றது. 2019 இல் டைகர் ரோல் 11 ஸ்டோன் 5 இறாத்தலுடனும் 2024 இல் ஐ ஆம் மேக்ஸிமஸ் 11 ஸ்டோன் 6 இறாத்தலுடனும் வென்றன. வயதும் அப்படித்தான்: 2021 இல் மினெல்லா டைம்ஸுக்கு எட்டு வயது, 2022 இல் நோபிள் யேட்ஸுக்கு ஏழு, 2023 இல் கொராக் ராம்ப்ளருக்கு ஒன்பது, 2024 இல் ஐ ஆம் மேக்ஸிமஸுக்கு எட்டு. ஓட்டமே மாறிவிட்டது. 2024 முதல் ஓடும் குதிரைகளின் அதிகபட்ச எண்ணிக்கை 40 இலிருந்து 34 ஆகக் குறைக்கப்பட்டது, தகுதி பெறுவதற்கான குறைந்தபட்ச மதிப்பெண் 125 இலிருந்து 130 ஆக உயர்த்தப்பட்டது, முதல் தடை தொடக்கக் கோட்டுக்கு அருகே நகர்த்தப்பட்டது. பழைய காலத்துச் சூத்திரத்தை இன்றைய ஓட்டத்துக்கு விற்பவர் இந்த ஓட்டத்தைப் பார்த்துக்கூட இருக்க மாட்டார் என்பதே என் கணிப்பு.

உண்மையில் பார்க்க வேண்டியவை வேறு. எடைகள் பெப்ரவரியிலேயே நிர்ணயிக்கப்பட்டுவிடும். அதன் பிறகு ஒரு குதிரை வேறு பெரிய ஓட்டத்தில் வென்று அதன் மதிப்பெண் உயர்ந்தாலும் கிராண்ட் நேஷனலில் அது பழைய எடையையே சுமக்கும். கொராக் ராம்ப்ளர் 2023 மார்ச்சில் செல்டனம் குதிரை ஓட்ட விழாவில் வென்றது, அடுத்த மாதம் அயின்ட்ரீயில் 10 ஸ்டோன் 5 இறாத்தல் மட்டும் சுமந்து ஓடியது. அது அந்த முறை முன்னணி விருப்பக் குதிரையாக, அதாவது எல்லாவற்றிலும் குறைந்த விலைக் குதிரையாக, இருந்து வென்றதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இத்துடன், மூன்று மைலுக்கு மேற்பட்ட ஓட்டங்களில் கடைசிவரை வேகம் காட்டியிருக்கிறதா, தடைகளைச் சுத்தமாகத் தாண்டுகிறதா, அன்றைய நிலத்தின் ஈரம் அதற்கு ஒத்துவருமா என்பவையெல்லாம் காசு கொடுக்காமலே, ஓடும் குதிரைகளின் விவரப் பட்டியலான ஓட்ட அட்டையில் படிக்கக் கிடைக்கின்றன. குதிரையின் பெயருக்கு அருகே எண்களும் எழுத்துகளும் சேர்ந்த ஒரு சிறு வரி இருக்கும். எண் என்றால் முன்னைய ஓட்டங்களில் வந்த இடம், எஃப் என்றால் விழுந்தது, யூ என்றால் ஓட்டுநர் தவறி விழுந்தார், பி என்றால் பாதியில் நிறுத்தப்பட்டது. எனக்குச் சொல்லப்பட்ட குதிரையின் அந்த வரியை ஓட்டம் முடிந்த பிறகுதான் தேடிப் பார்த்தேன். கடைசி மூன்று ஓட்டங்களில் இரண்டு பி இருந்தன. 200 பவுண் கட்டுமுன் அரை நிமிடம் அந்த வரியைப் பார்த்திருந்தால் போதும். இதை நினைக்கும்போதெல்லாம் இப்போதும் நெஞ்சு கனக்கிறது.

மோசடி வெளிப்பட்டது மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மதியம். சகலன் குடும்பத்துடன் சாப்பிட வந்திருந்தார். பேச்சு நேற்றைய ஓட்டத்தின் பக்கம் திரும்பியதும் அவர் முகம் வாடிப்போனது. நான் மெதுவாக விடயத்தைச் சொன்னபோது, "உங்களுக்கும் இவன்தானா அண்ணை?" என்று கேட்டுவிட்டுத் தன் கைபேசியை எடுத்தார். சாப்பாட்டு மேசையில், சோற்றுக் கோப்பையை ஒதுக்கிவிட்டு, இரண்டு கைபேசிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். அதே 7.42. அதே "அண்ணா". அதே வயது, அதே எடை, அதே "உருதி". குதிரையின் பெயர் மட்டும் வேறு. ஒருவருக்கும் சொல்லாதே என்று அவர் கெஞ்சியது ஏன் என்பது அந்த மேசையில் எங்களுக்கு விளங்கியது. நாங்கள் ஒருவருக்கொருவர் பேசியிருந்தால் வெள்ளிக்கிழமைக்குள்ளேயே கதை முடிந்திருக்கும்.

அந்த வாரத்தில் தெரிந்தவர்களிடம் விசாரித்ததில், எங்களையும் சேர்த்து ஆறு பேர் அகப்பட்டோம். ஆறு பேருக்கு ஐந்து குதிரைகள். 34 குதிரைகள் ஓடும் ஓட்டத்தில், ஆட்களைக் குழுக்களாகப் பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் ஒவ்வொரு குதிரையைச் சொன்னால் எங்கோ ஒரு குழுவுக்கு வென்ற குதிரை விழுவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. அதற்கு ஓட்ட அறிவு எதுவும் வேண்டியதில்லை. அந்த ஆறு பேரில் ஒருவருக்கு வந்த பெயர் நிக் ராக்கெட். 33க்கு 1 என்ற விலையில் அதுதான் வென்றது. அவர் 20 பவுண் ஈச் வே கட்டி எண்ணூறு பவுணுக்கு மேல் எடுத்தார். அவருக்கு வந்த செய்தியையும் பார்த்தேன். நிக் ராக்கெட் என்ற பெயரின் கீழே, "ஒன்பது வயதுக்கு மேல், எடை 11 ஸ்டோனுக்குக் கீழே" என்று அதே பந்தி ஒட்டப்பட்டிருந்தது. நிக் ராக்கெட்டுக்கு வயது எட்டு. அது சுமந்த எடை 11 ஸ்டோன் 8 இறாத்தல். இரண்டாவதாக வந்த ஐ ஆம் மேக்ஸிமஸ் சுமந்தது 11 ஸ்டோன் 12 இறாத்தல். அதாவது, வென்ற குதிரையைச் சொன்ன செய்தியிலும் சொல்லப்பட்ட காரணங்கள் இரண்டும் பொய். இதை நான் அந்த நண்பருக்கு எடுத்துக் காட்டினேன். அவர் கேட்கவில்லை. அடுத்த ஆண்டுக்கென்று 400 பவுண் முன்பணம் கட்டிவிட்டார்.

பந்தயம் கட்டத் தந்த இணைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதன் இறுதியில் ஒரு குறியீட்டு எண் இருந்தது. சில பந்தய நிறுவனங்கள், தமக்கு ஆள் பிடித்துத் தருபவருக்கு, அந்த வாடிக்கையாளர் தோற்கும் பணத்தில் ஒரு பங்கைக் கொடுக்கும் வழக்கம் உண்டு. இவருக்கும் அப்படி ஓர் ஏற்பாடு இருந்தது என்று நிரூபிக்க என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் வேறு எந்த நிறுவனத்திலும் கட்ட வேண்டாம் என்று அவர் ஏன் அவ்வளவு அழுத்தினார் என்பதற்கு வேறு விளக்கமும் என்னிடம் இல்லை. அந்த நிறுவனம் ஈச் வே பந்தயத்துக்கு நான்கு இடங்கள்வரை மட்டுமே பணம் கொடுத்தது, அதே நாளில் வேறு நிறுவனங்கள் அதைவிடக் கூடுதலான இடங்களுக்குக் கொடுத்தன. நம் நன்மையை நினைப்பவர் அங்கே அனுப்பியிருக்க மாட்டார்.

வங்கியிடம் முறையிட்டேன். நான் விரும்பியே பணம் அனுப்பியதாலும், குதிரையின் பெயர் என்ற "சேவை" எனக்குத் தரப்பட்டதாலும் இது மோசடிக் கோரிக்கையாகாது, இருவருக்கிடையிலான பிணக்கு என்று பதில் வந்தது. இங்கே சூதாட்ட ஆணையம் உரிமம் கொடுப்பது பந்தயம் ஏற்கும் நிறுவனங்களுக்குத்தான், குதிரை சொல்பவருக்கு அல்ல. எனவே "நான் உரிமம் பெற்ற ஆலோசகர்" என்று ஒருவர் சொன்னால் அந்த ஒரு வார்த்தையே போதும், பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். இழந்த பணத்தை மீட்க வேண்டும் என்ற வெறியில் மேலும் மேலும் கட்டிக்கொண்டிருப்பவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், காம்ஸ்டாப் என்ற இலவச ஏற்பாட்டில் பதிவு செய்து, உரிமம் பெற்ற இணையப் பந்தயத் தளங்கள் அனைத்திலிருந்தும் தம்மைத் தாமே விலக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். சகலன் அதைச் செய்திருக்கிறார். செய்ய வைத்தது அவருடைய மனைவி.

இப்போது புதிய எண்ணிலிருந்து வரும் செய்தியோடு அத்தாட்சியாக ஒரு படமும் வருகிறது. காலை 7.42, நிக் ராக்கெட், கீழே "100 வீதம் உருதி". அது என் நண்பருக்கு வந்த அதே செய்திதான். அந்தப் படம் உங்களுக்கு வந்திருந்தால், பணம் அனுப்புமுன் உங்கள் வீட்டிலும் வேலைத்தலத்திலும் வேறு யாருக்கு வந்திருக்கிறது என்று வாய்விட்டுக் கேளுங்கள். அவர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்களிடமே முதலில் கேளுங்கள்.