டென்காராவா, ரீலா? தனியாக மலையேறுகிறவனுக்கு ஒரு தூண்டில் கணக்கு

இந்த ஆகஸ்டில் மூன்று நாள் தனியாகக் கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைக்குப் போனபோது நரம்பைச் சுற்றிவைக்கும் ரீல் மாட்டிய தூண்டிலை வீட்டில் வைத்துவிட்டு, ரீலே இல்லாத டென்காரா கோலை மட்டும் எடுத்துக்கொண்டேன். போன வருடம் அதே பள்ளத்தாக்குக்கு ரீலோடு போனவன் என்பதால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. டென்காரா பக்கம்தான் சாய்கிறேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன இடம் மலையின் கிழக்குச் சரிவில், ஜான் மியூர் வனப்பகுதிக்குள் இருக்கும் லிட்டில் லேக்ஸ் பள்ளத்தாக்கு. கார் நிற்கிற மொஸ்கிட்டோ ஃப்ளாட்டே கிட்டத்தட்ட 3,100 மீட்டர் உயரம். அங்கிருந்து ராக் கிரீக் ஓடையை ஒட்டி நடந்தால் ஹார்ட், பாக்ஸ், லாங், சிக்கன்ஃபுட் என்று ஏரிகள் மாலை கோத்த மாதிரி வரும். ஏறத்தாழ 6 கிலோமீட்டரில் ஜெம் ஏரிகள். இரவு தங்க அனுமதிச் சீட்டு, 16 வயது நிரம்பியிருந்தால் மாநில மீன்பிடி உரிமம், இரண்டும் வேண்டும்.

டென்காரா என்பது ஜப்பானிய மலை ஓடைகளில் பிடிக்கிற முறை. ரீல் கிடையாது. மடக்கினால் அரை மீட்டர், இழுத்து நீட்டினால் மூன்றரை மீட்டருக்கு மேல் போகும், ஒன்றுக்குள் ஒன்று அடங்குகிற கணுக்களால் ஆன கார்பன் கோல், அதன் நுனியில் நேரே கட்டிய தூண்டில் நரம்பு, கடைசியில் இறகும் நூலும் சுற்றிய பொய் ஈ ஒன்று. அவ்வளவுதான். கண்மாய்க் கரையில் மூங்கில் கம்பும் தக்கையும் மண்புழுவுமாக உட்கார்ந்து வளர்ந்தவனுக்கு இதில் புதிதாகக் கற்க அதிகம் இல்லை. தக்கை இல்லாததுதான் முதலில் கை உடைந்த மாதிரி இருந்தது.

எடையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நான் நீட்டப்போவதில்லை. டென்காரா கோல், நரம்பு, ஈப் பெட்டி எல்லாம் சேர்ந்து என் சமையலறைத் தராசில் 160 கிராம். நான்கு துண்டு ஸ்பின்னிங் ராடு, சின்ன ரீல், மீனை ஏமாற்ற எறிகிற நாலைந்து உலோகத் தகடுகள் சேர்ந்து 430. வித்தியாசம் ஒரு டம்ளர் தண்ணீர். கரடிக்கு எட்டாமல் சாப்பாட்டை வைக்கிற பிளாஸ்டிக் டப்பாவே கிட்டத்தட்ட ஒரு கிலோ இருக்கும்போது இந்தக் கால் கிலோவுக்காக யாரும் முடிவெடுக்க வேண்டாம். விலையிலும் பெரிய வேறுபாடு இல்லை.

தூரத்தில் ரீல்தான் ஜெயிக்கும், பேச்சே இல்லை. 3.5 கிராம் தகட்டை எறிந்தால் 25 மீட்டர் போய் விழும். டென்காராவில் கோலும் நரம்பும் சேர்ந்து 8 மீட்டர். அதற்கு மேல் ஒரு முழம்கூட எட்டாது. நடு மத்தியானத்தில் காற்று கிளம்பி ஏரி முழுக்கச் சிற்றலை ஓடும்போது அந்த மெல்லிய நரம்பு நாம் சொன்ன இடத்தில் விழுவதும் இல்லை. ஏரிக்கரையில் மட்டுமே பிடிக்கப்போகிறவர் இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை, ரீலை எடுத்துக்கொள்ளுங்கள். பொய் ஈதான் வேண்டும் என்றால், தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குண்டு மிதவையை நரம்பில் கோத்து, அதற்குப் பின்னால் ஒரு மீட்டர் விட்டு ஈயைக் கட்டி ரீலிலேயே எறியலாம். சியரா ஏரிகளில் பலரும் அப்படித்தான் பிடிக்கிறார்கள்.

அப்புறம் ஏன் டென்காரா? பையிலிருந்து எடுத்துத் தண்ணீரில் முள் விழுகிற வரை ஆகும் நேரம். எனக்கு முடிவைத் தந்தது அது ஒன்றுதான்.

போன வருடம் நடந்ததைச் சொல்கிறேன். ஹார்ட் ஏரிக்கும் பாக்ஸ் ஏரிக்கும் நடுவே ஓடை ஒரு திருப்பத்தில் தேங்கி நிற்கிறது. கரைக்கு அடியில் நிழல் ஆடுகிறது. மீன்தான். நான் சுமையை இறக்கி, ராடை எடுத்து, நான்கு துண்டையும் வளையங்கள் ஒரே கோட்டில் வரும்படி பொருத்தி, நரம்பை ஒவ்வொரு வளையமாக நுழைத்துக்கொண்டு போனால், கடைசி வளையத்தில் விரல் நழுவி நரம்பு முழுக்கக் கீழே ரீல் வரை வழுகி வந்துவிடும். மறுபடி முதலிலிருந்து. அப்புறம் குளிரில் மரத்த விரலால் தகட்டைக் கட்டு. முடிந்ததும் எல்லாவற்றையும் அவிழ்த்து மடக்கி வை. இதை ஒரு நாளில் எத்தனை முறை செய்வீர்கள்? நான் இரண்டாவது முறைக்குப் பிறகு செய்யவில்லை. "சாயங்காலம் கூடாரம் போட்ட பிறகு பார்த்துக்கலாம்" என்று நல்ல நல்ல மடுக்களைத் தாண்டி நடந்தேன். துணைக்கு ஆள் இருந்தால் அவர் டீ போடுகிற நேரத்தில் இந்த வேலையைப் பார்க்கலாம். தனியாகப் போகிறவனுக்கு டீயும் அவன்தான், கூடாரமும் அவன்தான், தண்ணீர் வடிகட்டுவதும் அவன்தான். மூன்று நாளில் மொத்தம் இரண்டு மாலைதான் தூண்டில் தண்ணீரைப் பார்த்தது.

இந்த முறை கோல் பையின் பக்கவாட்டில் செருகியிருந்தது. நரம்பும் ஈயும் கட்டியபடியே ஒரு சின்ன வட்டில் சுற்றிச் சட்டைப்பையில். கோலின் நுனியில் இருக்கும் நூலில் நரம்பின் கண்ணியை மாட்டி, நரம்பை அவிழ்த்துவிட்டு, மெல்லிய கணுவிலிருந்து ஒவ்வொன்றாக இழுத்தால் முடிந்தது. ஒரு நிமிடம்கூட ஆகாது. மூச்சு வாங்க நிற்கும்போதெல்லாம் வீசினேன். மூன்று நாளில் 11 இடம். அதே திருப்பத்தில் சுமையை இறக்காமலேயே வீசி, இரண்டாவது வீச்சில் ஒரு புரூக் ட்ரவுட் மீன். சாண் நீளம். முதுகில் புழு நெளிந்த மாதிரி வெளிர் கோடுகள், பக்கத்தில் நீல வளையம் சூழ்ந்த சிவப்புப் புள்ளிகள், அடித் துடுப்பின் ஓரத்தில் சுண்ணாம்பு தீட்டியதுபோல் வெள்ளை. ஓடையில் இதற்கு 8 மீட்டரே அதிகம்.

இரவுக்கு இரண்டை வைத்துக்கொண்டேன். மஞ்சள், மிளகாய்த்தூள், உப்புப் பொட்டலம் கொண்டுபோயிருந்தேன்; விறகுத் தீ அங்கே மூட்டக் கூடாது, கேஸ் அடுப்புதான். புரூக் ட்ரவுட்டைச் சாப்பிட மனசு உறுத்தவும் இல்லை. அது அமெரிக்காவின் கிழக்குப் பகுதி மீன். சியராவின் உயர ஏரிகளில் பெரும்பாலானவற்றில் ஆதியில் மீனே கிடையாது, எல்லாம் மனிதர் கொண்டுவந்து விட்டவை, பிற்பாடு விமானத்திலிருந்தே குஞ்சுகளைக் கொட்டியிருக்கிறார்கள். அந்த மீன்கள் தின்றதாலும் அழிந்துவந்த மஞ்சள்கால் தவளையை 2014-ல் அருகிவரும் இனமாக அறிவித்தார்கள். சில ஏரிகளில் தவளைக்காக மீனை அகற்றியும் இருக்கிறார்கள். ஆகவே கிளம்பும் முன் போகிற ஏரியில் மீன் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

டென்காராவில் நான் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். இரண்டாம் நாள் மத்தியானம் பேர் கிரீக் ஸ்பையர் சிகரத்துக்குப் பின்னால் கருத்துக்கொண்டு வந்தது. முதல் இடி கேட்டதும் கோலை மடக்கப் பார்த்தேன். தடித்த கணுவிலிருந்து தொடங்க வேண்டும். முதல் இரண்டு உள்ளே போயின, மூன்றாவது அசையவில்லை. ஏரிக்கரை வெட்டவெளி. கையில் மூன்று மீட்டர் கார்பன் கம்பி, கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். திருகிப் பார்த்தேன், பல்லைக் கடித்து இழுத்தேன், பிறகு கோலைத் தரையில் போட்டுவிட்டுக் கீழே குட்டை மரங்கள் இருந்த பக்கம் ஓடினேன். அரை மணி நேரம் ஆலங்கட்டி. ஸ்பின்னிங் ராடாக இருந்தால் நடுவில் ஒரு இழுப்பு இழுத்து இரண்டாக்கிக் கையோடு கொண்டுபோயிருப்பேன்.

தவறு என்னுடையதுதான். காலையில் ஈரக் கையோடு கணுக்களை அளவுக்கு மீறி இறுக்கியிருந்தேன். மழை விட்டதும் துடைத்துக் காயவைத்து, அடிமூடியைக் கழற்றி, சிக்கிய கணுவைச் செங்குத்தாகப் பிடித்துத் தட்டையான பாறையில் இரண்டு தட்டு தட்டினேன், இறங்கிவிட்டது. இப்போது வீட்டுக்கு வந்ததும் எல்லாக் கணுவையும் உருவித் தனித்தனியாகக் காயவைக்கிறேன். ரீலுக்குள் மணல் போனால் திருகாணி கழற்றி எண்ணெய் போட வேண்டிய வேலையோடு பார்த்தால் இது ஒன்றுமில்லை. முனையில் கட்டுகிற நரம்பை மட்டும் மெல்லியதாகவே வைத்துக்கொள்ளுங்கள். கிளையில் மாட்டினால் நரம்பு அறுந்து கோல் பிழைக்க வேண்டும்.

பெரிய மீன் விஷயத்தில் என் பேச்சை நம்ப வேண்டாம். டென்காராவில் எனக்கு ஒரு அடிக்கு மேல் மாட்டியதில்லை. ஓடுகிற மீனுக்கு நரம்பு விட்டுக்கொடுக்க வழி இல்லாததால், கோலைச் சாய்த்துக்கொண்டு கூடவே நடந்து, கடைசியில் நரம்பைக் கையால் பிடித்து இழுக்க வேண்டும். சாண் மீனிடம் அது விளையாட்டு, இரண்டு கிலோ மீனிடம் எப்படியோ. பனி உருகி ஓடை சீறுகிற ஜூன் மாதத்திலும் நான் அங்கே பிடித்ததில்லை.

ரீலை விற்றுவிடவில்லை, இப்போது காரின் டிக்கியில் இருக்கிறது. இறங்கும் வழியில் ராக் கிரீக் ஏரி சாலையோரமாகவே வருகிறது. அடுத்த வருடம் கடைசி நாள் சாயங்காலம் அங்கே நிறுத்தி, ராடைச் சாவகாசமாகப் பொருத்தி, தகடு எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரம் எறிவதாக உத்தேசம்.